குளமும் மண்டபமும்

சில வருஷங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். அவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். தொகுதியில் இருந்த நாற்பத்துச் சொச்சம் கவிதைகளில் ஒன்றில்கூடப் பட்டறை இல்லை. கொக்கு இருந்தது, ஏரி இருந்தது, ஏரியில் வானம் இருந்தது. இரும்புத் தூளுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நடுவில் நாளெல்லாம் நிற்கிற ஒருவர் அவற்றின் சுவடே படாமல் எழுதியிருப்பது அவருடைய கலைப் பிரக்ஞையின் வெற்றி என்று எழுதினேன். நண்பர்கள் அந்த வாக்கியத்தைப் பாராட்டினார்கள். அவரும் சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. என் மதிப்புரைக்கும் அவர் நிறுத்தியதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அந்த வாக்கியம் தவறு. அதை வாபஸ் வாங்கத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அதே மேட்டுப்பாளையத்தில்தான் குடியிருக்கிறேன். வெளியூர் இலக்கிய நண்பர்களிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால், ‘ஊட்டி ரயில் புறப்படுமே, அதுவா?’ என்று முகம் மலர்ந்து கேட்கிறார்கள். இல்லை, இது புதுச்சேரி மேட்டுப்பாளையம் என்றால் முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அங்கே பாக்குத்தோப்பும் மலையும். இங்கே தொழிற்பேட்டையும் லாரி முனையமும். இயற்கையைப் பற்றி எழுத இங்கே என்ன இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். இயற்கை என்பது வேறெங்கோ, வேலை நடக்காத இடத்தில், நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற இந்த எண்ணம் நமது கவிதையில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கேள்விதான் எனக்குக் காட்டியது. என் மதிப்புரை வாக்கியமும் அதே கேள்வியின் இன்னொரு வடிவந்தான்.

எங்களுக்கு அடுத்தாற்போல முத்திரப்பாளையம். புதுச்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை அந்த ஊரோடு சேர்ந்தது. தெரிந்த கதை என்பதாலேயே யாரும் அதை யோசித்ததில்லை. கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது இரவில் தீபங்கள் சுடர்விடும் ஒரு மாளிகையைக் கண்டு கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்கிற தாசியின் வீடு என்று பிறகுதான் தெரிந்தது. அரசருக்குக் கோபம். இடிக்க உத்தரவு. நானே இடித்துவிடுகிறேன், அவகாசம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்ட ஆயி, வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நகரத்துக்குக் குடிநீர் வேண்டி லாமெரெஸ் என்ற பிரெஞ்சு எஞ்சினியர் முத்திரப்பாளையத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தார். (இதே லாமெரெஸ் பிற்பாடு, 1891ல், காமசூத்திரத்தைப் பிரெஞ்சில் வெளியிட்டவர். ஆயி கதையை அவர் ரசித்துத்தான் கேட்டிருப்பார்.) கதை சக்கரவர்த்தியின் காதுக்கு எட்டி, அவள் ஞாபகமாக ஒரு மண்டபம் எழுப்பச் சொன்னார் என்பார்கள். இன்று பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம் அதுதான். புதுச்சேரி அரசின் இலச்சினையிலும் அதுதான் இருக்கிறது.

சரித்திரமாக இந்தக் கதை நிற்குமா என்பது என் பிரச்னை அல்ல. கதைக்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். அரசனின் கண் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது அழகுதான். கை குவிந்தது அழகுக்குத்தான். பின்னால் இருப்பது யார் என்று தெரிந்த கணத்தில் தீபங்கள் குறைந்துவிடவில்லை, சுவர்கள் கோணிவிடவில்லை. ஆனால் அழகு போய்விட்டது. அழகு இருக்க வேண்டுமானால் அதைச் செய்த கை தெரியக்கூடாது. தெரிந்தால், அது தகாத கையாகவும் இருந்துவிட்டால், இடித்துவிட வேண்டும்.

இதே கதையைக் காண்ட் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். 1790ல் வெளிவந்த ரசனைத் தீர்ப்பு பற்றிய அவருடைய நூலில், இயற்கையின் அழகில் நேரடியான ஈடுபாடு கொள்வது நல்ல ஆன்மாவின் அடையாளம் என்று ஒரு பகுதி வருகிறது. அழகியலுக்கும் அறவியலுக்கும் அவர் போட்ட முக்கியமான பாலங்களில் ஒன்று அது. அங்கே ஓர் உதாரணம் தருகிறார். நிலவொளியில் நைட்டிங்கேல் பாடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கிறோம், இதைவிட இனிமை ஏது? ஆனால் அங்கே நைட்டிங்கேலே இல்லை. விடுதிக்காரன் விருந்தாளிகளைத் திருப்திப்படுத்த ஒரு குறும்புக்காரப் பையனைப் புதருக்குள் உட்கார்த்தி நாணலால் ஊத வைத்திருக்கிறான். தெரிந்ததும் அந்தப் பாட்டை யாராலும் தாங்கிக்கொள்ள முடியாது என்கிறார் காண்ட். உண்மைதான், என்னாலும் முடியாது. அதே ஒலி, அதே நிலவு. ஆனாலும் ஏமாந்தோம் என்ற நினைப்பு காதை அடைத்துவிடும். காண்ட் சொல்ல வருவது, நம்மைக் கவர்வது வெறும் ஒலி அல்ல, அது இயற்கையிலிருந்து வருகிறது என்ற பிரக்ஞையும் சேர்ந்துதான் என்பது. ஆழமான விஷயம். ஆனால் அந்தப் பையன்? இரவெல்லாம் ஈரப் புல்லில் பூச்சிக்கடியில் உட்கார்ந்து ஒரு பறவையை இவ்வளவு நுட்பமாகக் கேட்டு, மூச்சைப் பழக்கி, விருந்தாளிகளை நம்ப வைத்த அவனைப் பற்றி அந்தப் பக்கத்தில் அக்கறையே கிடையாது. பறவையை அந்த விடுதியில் நன்றாக அறிந்தவன் அவன் ஒருவன்தான். நல்ல ஆன்மா என்ற பட்டம் உள்ளே உட்கார்ந்து ஒயின் குடித்தவர்களுக்குப் போகிறது.

விஜயநகரத்து அரசனும் ஜெர்மானியத் தத்துவவாதியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். அழகுக்குப் பின்னால் ஆள் தெரிந்ததும் இருவருக்கும் அழகு கெடுகிறது. என் நண்பரின் கவிதைகளில் ஆள் தெரியவில்லை, பட்டறை தெரியவில்லை என்று நான் மெச்சியபோது நானும் அங்கேதான் நின்றேன்.

மண்டபம் இருக்கும் பூங்காவுக்குப் பாரதியின் பெயர். பொருத்தம் தற்செயலானது, ஆனால் பயனுள்ளது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதிய ‘குயில் பாட்’டின் சோலையும், மண்டபத்துத் தண்ணீரைப் போலவே, நகரத்தின் மேற்குப் பக்கத்தது. கவிதையே திசையைச் சொல்கிறது. கருவடிக்குப்பத்துத் தோப்பு என்பது ஊர் வழக்கு. காண்ட்டின் உதாரணத்தைப் பாரதி தலைகீழாக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே பறவை என்று நினைத்தது மனிதனாகப் போனதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. இங்கே குயில் பெண்ணாக மாறும் கணந்தான் கவிதையின் உச்சம். அதற்குப் பிறகுதான் கனவு கலைந்து சுவடியும் பாயும் சூழ்ந்த அறைக்குத் திரும்புகிறோம். குயில் குயிலாக மட்டுமே இருப்பது நமக்குப் போதவில்லை. காதலியாக வேண்டும், முற்பிறவி வேண்டும், முடிந்தால் வேதாந்தமும் வேண்டும். கவிஞரே கடைசியில் வேதாந்தப் பொருள் காண்பவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். நமது உரைகாரர்கள் அந்த வாசலில் முண்டியடித்து நுழைந்ததில் சோலையைப் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

சோலையைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அது வேடர்கள் பறவை சுட வருகிற இடம். கவிதை தொடங்கும்போதே இது சொல்லப்பட்டுவிடுகிறது. குயில் பாடுவது அவர்கள் வராத ஒரு நாளில். இதைச் சம்பிரதாயமான வர்ணனையாக நினைத்து எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில்தான் நிற்கத் தோன்றுகிறது. பாரதிக்கு அந்தச் சோலை மாசற்ற இயற்கை அல்ல. நேற்று துப்பாக்கிச் சத்தம் கேட்ட, நாளையும் கேட்கப்போகிற இடம். இரண்டுக்கும் நடுவிலான ஓர் இடைவேளையில்தான் அழகு சாத்தியமாகிறது. அந்த இடைவேளையின் காரணத்தை அவர் மறைக்கவில்லை. உபதேசம் செய்யவுமில்லை. வேடர்களைத் திட்டவில்லை. அவர்கள் இன்று இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போகிறார். அழகையும் அதன் நிபந்தனையையும் ஒரே மூச்சில் வைப்பது என்பது இதுதான். பெண்ணாக மாறும் குயிலைவிட இந்த வேடர்கள் எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறார்கள். பாரதி அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

இயற்கை விஷயமாக எதைப் பேசினாலும் உடனே திணையைக் கொண்டுவந்து நிறுத்துவது நம் வழக்கமாகிவிட்டது. தனிநாயகம் அடிகள் 1952ல் பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஏ.கே. ராமானுஜன் 1967ல் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்து அகத்திணை நிலங்களை உலகத்துக்குக் காட்டினார். நிர்மல் செல்வமணி திணையைச் சூழலியல் விமர்சனத்துக்கான ஒரு கோட்பாடாகவே வளர்த்திருக்கிறார். இவையெல்லாம் உழைப்பு. நான் குறை சொல்வது இவர்களுக்குப் பின்னால் மேடையேறி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தோம், மேல்நாட்டான் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான் என்று பேசுகிற குரலை. திணை என்பது முதலில் கவிதை செய்யும் முறை. ஒரு நிலத்தின் பூவையும் பறவையையும் எந்த உணர்ச்சிக்கு எப்படிப் பயன்படுத்துவது என்ற ஒழுங்கு. அதிலிருந்து அந்தக் காலத்து மனிதன் காட்டை வெட்டாமல் இருந்தான் என்று கொண்டால், சானெட் எழுதிய ஐரோப்பியர்கள் எல்லோரும் உத்தமக் காதலர்கள் என்றும் கொள்ள வேண்டிவரும்.

ஆனால் மேடைப் பேச்சாளர்கள் பார்க்காத ஒன்று திணைக்குள் இருக்கிறது. தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை இவற்றோடு செய்தி, அதாவது தொழிலும் வருகிறது. மரத்துக்கும் பறவைக்கும் பக்கத்தில், அதே வரிசையில், அதே அந்தஸ்தில் மனிதன் செய்யும் வேலை. மலைக்குப் பூ எப்படியோ அப்படித் தேனெடுப்பதும். கடலுக்குச் சுறா எப்படியோ அப்படி உப்பு விற்பதும். வேலையை அகற்றிவிட்டுக் கிடைக்கும் நிலம் திணை ஆகாது. பிற்காலத்து நம்பியகப்பொருள் இந்தப் பட்டியலைப் பதினான்காக விரித்தபோது நீரும் ஊரும் தனித்தனியாகப் பெயர் பெற்றன. உயர்ந்தோர், அல்லோர் என்று இரண்டு தட்டும் அதில் ஏறிக்கொண்டன. தண்ணீரைச் சொன்னதுமே யாருக்குத் தண்ணீர் என்ற பிரச்னையும் கூடவே வந்துவிட்டதோ என்னவோ. இது என் ஊகந்தான்.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் துயரத்தில் ஆழ்த்தும்போது எடுக்கும் வடிவந்தான் பாலை என்று இளங்கோ மதுரைக்குப் போகும் வழியில் சொல்லவைக்கிறார். ஒரு நிலம் தன் நிலையிலிருந்து வழுவ முடியும், அந்த வழுவலும் கவிதைக்குரியது, அதற்கென்று தனியாகப் பறவையும் தெய்வமும் தொழிலும் உண்டு என்று ஏற்றுக்கொண்ட ஒரு கவிதையியல் நம்மிடம் இருந்திருக்கிறது. அதைக் கொண்டு தொழிற்பேட்டையைப் படிக்க ஒருவரும் துணியவில்லை. மேட்டுப்பாளையத்தில் இயற்கை எங்கே என்ற கேள்வியைச் சங்கப் புலவர் யாரும் கேட்டிருக்க மாட்டார். இதற்கு எந்த உரிப்பொருள் என்றுதான் கேட்டிருப்பார்.

நவீன இலக்கியத்தில் இதைச் செய்தவர் சுந்தர ராமசாமி. ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966ல் வந்தது. அதன் புளியமரம் எதற்கும் குறியீடு இல்லை. குறியீடாக்க நினைக்கிறவர்களுக்கு அது இணங்கவும் இல்லை. அது சும்மா நின்றது; மனிதர்கள் அதைச் சுற்றிக் கடை போட்டார்கள், தேர்தல் நடத்தினார்கள், அதைக் கொன்றார்கள். அந்த நாவலில் காற்றாடி மரத்தோப்பு ஒன்றை வெட்டிப் பூங்கா அமைக்கிறார்கள். ஏன் வெட்டுகிறார்கள் என்று ஒரு கிழவர் கேட்கப்போக, செடி வைப்பதற்காக என்று பதில் வருகிறது. கேள்விமேல் கேள்வியாக அந்தப் பேச்சு நீளும்போது சிரித்துக்கொண்டே படிக்கிறோம். சிரிப்பு நின்ற பிறகுதான் தெரிகிறது, அழகுபடுத்துதல் என்ற செயலின் மொத்த அறப் பிரச்னையையும் அந்த ஒரு பக்கம் தீர்த்துக் கட்டிவிட்டதென்று. மரம் நடுவோம், மழை பெறுவோம் என்கிற ரகத்தில் இன்று வந்துகொண்டிருக்கும் கவிதைகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அவற்றை அரசாங்கச் சுவர்களிலேயே எழுதலாம். சுவராவது பயன்படும்.

பாரதிதாசனின் ‘அழகின் சிரிப்பு’ (1944) பற்றி என் கருத்து முன்னைவிட மாறியிருக்கிறது. கடல், காடு, குன்றம் என்று போகிற அந்த வரிசையைப் பாடப்புத்தகங்கள் இயற்கை வர்ணனை என்று வெட்டி வைத்துவிட்டன. வரிசை சிற்றூர், பட்டணம் என்று போய்த் தமிழில் முடிகிறது என்பதைப் பாடப்புத்தகம் மறந்துவிட்டது. பட்டணத்தையும் அழகின் பட்டியலில் சேர்க்க இந்தப் புதுவைக்காரருக்குத் தயக்கமே இல்லை. அந்தத் தயக்கமின்மையில் கொஞ்சம் அவசரமும் இருக்கிறது என்பேன். எல்லாவற்றிலும் அழகு சிரிக்கிறது என்றால், எங்கே அது சிரிப்பதை நிறுத்தியது என்று சொல்ல வழியில்லாமல் போகிறது. அவர் பாடிய கடலின் கரையே பிறகு காணாமல் போயிற்று. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை மறித்தன. நகரத்தின் மணற்கரை அரித்துப் போனது. கடற்கரைச் சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, மீனவர் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. 2018 வாக்கில் கடலுக்குள் ஓர் இரும்புத் தடுப்பை இறக்கியதில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அங்கே மாலையில் உட்கார்ந்திருப்பவர்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. நடக்கிறவனுக்கு மணல் என்பது காட்சி, கட்டுமரம் ஏற்றுகிறவனுக்கு அது முற்றம். நெய்தலின் கருப்பொருளில் தொழிலை அடித்துவிட்டு மிச்சத்தைப் பாடினால் வருவது இந்தக் கடற்கரைச் சாலைக் கவிதைதான். அப்படி நாலைந்து நானும் எழுதியிருக்கிறேன்.

அமெரிக்கரான ஆல்டோ லியோபோல்ட், 1949ல் அவர் இறந்தபின் வெளியான நூலில், நிலத்தைச் சார்ந்த அறம் என்று ஒன்றை முன்வைத்தபோது, எது சரி என்பதற்கான அளவுகோலில் உயிர்ச் சமூகத்தின் முழுமை, நிலைபேறு இவற்றோடு அழகையும் சேர்த்தார். துணிச்சலான காரியம். அழகை அறத்துக்குள் கொண்டுவர இவ்வளவு நேராக முயன்றவர்கள் குறைவு. ஆனால் அவர் வழிவந்தவர்கள் மனிதன் இல்லாத வனாந்தரத்தையே புனிதமாக்கி அதை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தபோது, காட்டில் பிழைப்பவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்று ராமச்சந்திர குஹா 1989ல் எழுதினார். மறுபடியும் விஜயநகரத்து அரசன். அழகைக் கும்பிட்டுவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியேற்று.

ஆயியிடம் திரும்ப வேண்டும். கதையில் இயற்கையோடு உண்மையான உறவு கொண்டவள் அவள் ஒருத்திதான். தன் அழகான வீட்டைத் தானே இடித்து, மண்ணைத் தோண்டி, நீர் ஊறும் இடமாக மாற்றினாள். குளம் செயற்கைதான். எங்கள் பக்கத்து ஊசுட்டேரியும் மனிதர் அமைத்த பாசன ஏரிதான். 2008ல் புதுச்சேரி அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இயற்கை என்று நாம் பார்க்கப்போவதில் பெரும்பகுதி யாரோ மண் சுமந்து உண்டாக்கியது. அதனால் கொக்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆயியின் குளத்தை ஊர் குடித்தது. பிறகு அதன் நினைவு நகரத்தின் நடுவில் கிரேக்கத் தூண்களோடு மண்டபமாக எழுந்து நின்றது. இலச்சினையில் மண்டபத்தைப் போட்டார்கள். குளத்தை இலச்சினையாக வரைவது கஷ்டம் என்பது வேறு விஷயம். நம் இயற்கைக் கவிதை பெரும்பாலும் தண்ணீர் வந்து சேர்ந்த முனையில், மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்து எழுதப்படுகிறது. அது புறப்பட்ட முனையில் நின்று எழுதக்கூடியவர் என் நண்பர். கொக்கைப் பட்டறை வாசலில் நின்று பார்த்தவர். அந்த வாசலைத்தான் அழித்துவிட்டு வரும்படி நான் பாராட்டினேன்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். ஷிஃப்ட் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மதிப்புரையைப் பற்றி நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ‘அதெல்லாம் எதுக்குங்க இப்ப’ என்றார். டீ குடித்தோம். கிளம்பும்போது சைக்கிள் கேரியரில் செருகியிருந்த நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். புதிதாக எழுதியது. லேத்திலிருந்து சுருண்டு விழும் இரும்புச் சீவல், ஜன்னல் வழியே மேற்கே ஏரிப் பக்கம் போகும் கொக்குகள், மெஷினை நிறுத்த முடியாமல் தலையை மட்டும் திருப்பும் ஒருவர். பதினோரு வரி. நான் மெச்சியதைவிட நல்ல கவிதை. ஏழாவது வரியில் ‘வெண்’ என்பது அதிகம்; கொக்கு வெள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.